தொடக்க நிறுத்த முன்னுரிமைக் குழு

குடிநீர் வாரியத்தின் கணினிப் பிரிவில் வேலை பார்த்த அந்தப் பெண்ணை எல்லோரும் ரீஸ்டார்ட் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கணினி மக்கர் பண்ணுகிறது என்று எந்தப் பிரிவிலிருந்து போன் வந்தாலும், ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள் என்பதுதான் அவள் சொல்லும் முதல் வைத்தியம். பாதி நோய் அதிலேயே தீர்ந்துவிடும். அதனால் அந்தப் பெயரில் கேலியைவிட நன்றிதான் அதிகம் இருந்தது. அவளைவிட மூத்தவர்களும் அக்கா என்றே அழைத்தார்கள்.

அவள் பொறுப்பில் ஒரு சர்வர் இருந்தது. லினக்ஸ் என்ற இயக்க மென்பொருளில் ஓடுவது. நகரத்து மேல்நிலைத் தொட்டிகளில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்பப் பம்புகளை ஓட்டுவதும் நிறுத்துவதும் அதன் வேலை. அந்த இயந்திரம் விழிக்கும்போது எது முதலில் எழ வேண்டும், அணையும்போது எது முதலில் அடங்க வேண்டும் என்று சொல்லும் சின்னச் சின்னக் கட்டளைக் கோப்புகளுக்கு ஸ்கிரிப்ட் என்று பெயர். ஒவ்வொன்றின் பெயரிலும் ஓர் எண் இருக்கும். சின்ன எண் முதலில் ஓடும். நெட்வொர்க்குக்குப் பத்து, தொட்டி அளவைப் படிக்கும் நிரலுக்கு இருபது, பம்பை ஓட்டும் நிரலுக்கு நாற்பது என்று அக்கா போட்டிருந்தாள். தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்த பிறகுதானே பம்பைக் கிளப்ப முடியும். நிறுத்தும்போது எல்லாம் தலைகீழ். பம்பு முதலில் நிற்கும், அளவு பிறகு, நெட்வொர்க் கடைசி. பல வருஷமாக இயந்திரம் இந்த வரிசையில் எழுந்து இந்த வரிசையில் அடங்கி, யாருக்கும் தொந்தரவில்லாமல் இருந்தது.

புதிதாக வந்த வாரியத் தலைவர், ஒவ்வொரு பிரிவும் தன் வேலையைத் திரை போட்டுக் காட்ட வேண்டும் என்று உத்தரவிட்டார். கூட்ட அறையில் அக்கா தன் ஸ்கிரிப்ட் வரிசையைத் திரையில் காட்டினாள். பம்புப் பிரிவின் தலைமைப் பொறியாளர் அதைப் பார்த்தார். அவர் வாரியத்திலேயே பணியில் மூத்தவர்; முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெரிய பம்பு என்று பெயர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"அளவீட்டுப் பிரிவுக்கு இருபது. எங்களுக்கு நாப்பதா?"

அது வெறும் வரிசை எண் என்று அக்கா விளக்கினாள். அளவீட்டுப் பிரிவு தனக்கு முன்னால் தொடங்குமா என்று அவர் கேட்டார். ஆமாம் என்றாள். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு இன்னொன்றையும் சேர்த்தாள்.

"தொடங்கறப்பதான் சார் நீங்க பின்னாடி. நிறுத்தறப்ப உங்களைத்தான் முதல்ல நிறுத்துவோம்."

அளவீட்டுப் பிரிவுத் தலைவர் தன் வாழ்க்கையில் முதல்முறையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

தலைமைப் பொறியாளர் எழுந்து நின்று பேசினார். இந்த நகரத்துக்குத் தண்ணீர் தருவது பம்பு. அளவீடு என்பது தொட்டிக்குள் குச்சியை விட்டு எடுத்துப் பார்ப்பது. குச்சிக்குப் பின்னால் பம்பு நடக்க வேண்டுமென்றால் நாளைக்கு ஓட்டுநருக்குப் பின்னால்தான் தான் காரில் ஏற வேண்டியிருக்கும். தான் இப்போதே ஓட்டுநருக்குப் பின்னால்தான் உட்காருகிறோம் என்பது பாதியில் நினைவு வர, அந்த உதாரணத்தை விட்டுவிட்டு, பணிமூப்பு என்பது மனிதர்களுக்கு மட்டுமல்ல, அவர்கள் நிரல்களுக்கும் உண்டு என்று முடித்தார். தலைவர் தலையசைத்தார். அன்று மாலையே தொடக்க நிறுத்த முன்னுரிமைக் குழு அமைக்கப்பட்டது.

அக்கா நேராகத் தன் மேலாளரிடம் போனாள். கணினிப் பிரிவு மேலாளருக்கு ஆபீசில் சமாதானம் என்று பெயர். எந்தச் சண்டையிலும் இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டி, சமாதானமாப் போயிடலாமே என்பவர். அவரும் அக்காவும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவளுக்கு மகள் பிறந்தபோது மழையில் ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போனது அவர்தான். அவள் அப்பா படுத்த படுக்கையாக இருந்த காலத்தில் அவள் வேலையையும் சேர்த்துப் பார்த்தார். அவள் அவரை அண்ணா என்பாள்; மகள் மாமா என்பாள். அவர் பதவி உயர்ந்து தனி அறைக்குப் போன பிறகும் மதியச் சாப்பாடு ஒன்றாகத்தான்.

"விடும்மா, நாலு கூட்டம் போடுவாங்க, மறந்துடுவாங்க," என்றார் சமாதானம்.

அவர்கள் மறக்கவில்லை. குழு வாரந்தோறும் கூடியது. எண் ஒன்று தனக்கு வேண்டும் என்றார் தலைமைப் பொறியாளர். கணக்குப் பிரிவு, காசு இல்லாமல் பம்பு ஓடாது, ஆகவே ஒன்று தங்களுக்கே என்றது. கணக்குப் பிரிவின் எந்த நிரலும் இந்த இயந்திரத்தில் இல்லை என்று அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னாள். இல்லாவிட்டால் என்ன, ஒன்றைப் போடுங்கள், தொடங்கினோம் என்று ஒரு வரி வந்தால் போதும் என்றார்கள். போட்டாள். அதைப் பார்த்து உணவக மேற்பார்வையாளரும் ஒரு வரி கேட்டார். கடைசியில் எல்லாருக்கும் ஒன்றே தருவது என்று முடிவானது. எல்லாருக்கும் ஒரே எண் என்றால் இயந்திரம் எப்படி வரிசைப்படுத்தும் என்று தலைவர் கேட்டபோது, பெயரின் அகர வரிசைப்படி என்று அக்கா உண்மையைச் சொல்லித் தொலைத்தாள். அடுத்த வாரம் பம்புப் பிரிவு, அடிப்படை நீரேற்றப் பிரிவு ஆயிற்று. கணக்குப் பிரிவு, அனைத்துக் கணக்குப் பிரிவு ஆயிற்று. ஏற்கெனவே அகரத்தில் தொடங்கிய அளவீட்டுப் பிரிவு, ஒன்றும் செய்யாமலே முன்வரிசையில் இருந்த குற்றத்துக்காக நீர்மட்டப் பிரிவு என்று மாற்றப்பட்டது. பெயர்ப் பலகை எழுதுகிறவர் இரண்டு வாரம் ஆபீசிலேயே தங்கி வேலை பார்த்தார்.

பிறகு நிறுத்தத்துக்கு வந்தார்கள். நிறுத்தும் ஸ்கிரிப்டுகளின் பெயர் கே என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். அது எதைக் குறிக்கிறது என்று சட்ட அலுவலர் விசாரித்தார். கில், அதாவது கொல் என்பதை என்று அக்கா சொன்னாள். சட்ட அலுவலர் பேனாவை மூடி வைத்துவிட்டார். பணியில் இருக்கும் ஒரு பிரிவை விளக்கம் கேட்காமல் கொல்ல விதியில் இடமில்லை என்றார். அதற்குப் பணி ஓய்வு என்று பெயர் சூட்டினார்கள். பணி ஓய்வு என்றான பிறகு வழியனுப்பு இல்லாமல் எப்படி? நிற்கப்போகும் ஒவ்வொரு நிரலுக்கும் தலைவரின் பாராட்டுரை திரையில் மெதுவாக ஓட வேண்டும், ஓடி முடியும்வரை அடுத்த நிரலை நிறுத்தக் கூடாது என்று தீர்மானம் ஆனது. முதலில் வருபவர் கடைசியில் போவார் என்பதால் பம்பு எல்லாருக்கும் பின்னால்தான் நிற்கும். அதையும் தலைமைப் பொறியாளர் தன் கடவுச்சொல்லைத் தட்டி ஒப்புதல் தந்தால்தான் நிற்கும்.

இதெல்லாம் உண்மையிலேயே நடந்தால் தொட்டி நிரம்பி வழியும் என்று அக்கா அந்தக் கூட்டத்தில் சொன்னாள். அது நீர்மட்டப் பிரிவின் பொறுப்பு என்றார் தலைமைப் பொறியாளர். நீர்மட்டப் பிரிவுத் தலைவர், தமக்கு ஏழாவது இடம் கொடுத்த பிறகு ஏழாவதாகத்தான் பொறுப்பேற்க முடியும் என்றார்.

அன்று சாப்பாட்டு மேஜையில் அவள் சாப்பிடவில்லை. சமாதானம் தன் டப்பாவிலிருந்து ஒரு வடையை எடுத்து அவள் பக்கம் தள்ளினார்.

"இவங்களுக்குத் திரையில பேரு வரணும். அவ்வளவுதானே? திரையில காட்டு. உள்ள வேலை பழைய வரிசையிலயே நடக்கட்டும். யாரு திறந்து பாக்கப் போறாங்க?"

"தெரிஞ்சா என் வேலை போயிடும் அண்ணா."

"நான் இருக்கேன்ல. நான்தான் சொன்னேன்னு சொல்லிக்கறேன். போய்ப் பண்ணு."

அவள் பண்ணினாள். குழு கேட்ட எல்லா ஸ்கிரிப்டுகளையும் குழு கேட்ட பெயரில், குழு கேட்ட வரிசையில் எழுதினாள். அவை திரையில் தலை காட்டிவிட்டுப் போகும், வேறொன்றும் செய்யாது. உண்மையான வேலை உள்ளே ஒரே கோப்பில், நெட்வொர்க், அளவு, பம்பு என்ற பழைய ஒழுங்கில் நடந்தது. தலைமைப் பொறியாளர் ஒருநாள் நேரில் வந்து பார்த்தார். அடிப்படை நீரேற்றப் பிரிவு தொடங்கியது என்ற வரி எல்லாவற்றுக்கும் மேலே வந்ததைப் பார்த்து, பம்பின் சத்தத்திலேயே ஒரு கம்பீரம் தெரிகிறது என்றார். சர்வர் அறை இருந்த மூன்றாவது மாடிக்குப் பம்பின் சத்தம் கேட்காது. அவர் போன பிறகு அக்காவும் சமாதானமும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அந்தச் சில மாதங்கள் அக்காவுக்கு நன்றாகவே இருந்தன. ஒரு முழு ஆபீசையும் இரண்டு பேர் சேர்ந்து ஏமாற்றுவதில் ஒரு நெருக்கம் இருந்தது. வீட்டில் கணவனிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சலவைக்கடை வைத்திருந்த அவனுக்கு நிரலைப் பற்றி ஒன்றும் தெரியாது. அந்த மேலாளர் எழுத்தில் ஏதாவது கொடுத்தாரா என்று மட்டும் கேட்டான். அண்ணனிடம் எழுதியா வாங்குவார்கள் என்று அவள் கோபித்துக்கொண்டாள்.

இதற்கிடையில் துணைப் பொது மேலாளர் பதவி காலியானது. பரிந்துரைக்க வேண்டியவர் தலைமைப் பொறியாளர்.

வருடாந்திரப் பராமரிப்புக்காக இயந்திரத்தை அணைத்து எழுப்ப வேண்டிய நாளை, முன்னுரிமை அமலாக்க விழா என்று கொண்டாட வாரியம் முடிவு செய்தது. கீழ்த்தளத்து அரங்கில் மேடை போட்டு, பெரிய திரையில் ஸ்கிரிப்டுகள் எழுவதை எல்லாரும் பார்க்க ஏற்பாடு. மேடைக்குப் பக்கத்தில் ஒரு மேஜையும் விசைப்பலகையும் வைத்து அக்காவை உட்கார வைத்தார்கள். தலைவர் பொத்தானை அழுத்தினார். முதல் வரி வந்தது. அடிப்படை நீரேற்றப் பிரிவு தொடங்கியது. அரங்கு கைதட்டியது.

அக்கா திரையை உற்றுப் பார்த்தாள். அவள் எழுதிய வரி வெறும் வரி. இதற்குக் கீழே பம்புகளின் எண்களும் வேகமும் ஓடிக்கொண்டிருந்தன. பம்புகள் நிஜமாகவே கிளம்பிவிட்டன. அளவு படிக்கும் நிரல் ஏழாவது இடத்தில், கணக்குப் பிரிவுக்கும் உணவகத்துக்கும் பின்னால், தன் முறைக்குக் காத்திருந்தது. அதற்கும் முன்னால் தலைவரின் வாழ்த்துச் செய்தி வேறு திரையில் ஊர்ந்துகொண்டிருந்தது. தொட்டிகளின் அளவு தெரியாத பம்பு நிரல், எல்லாத் தொட்டியும் காலி என்று எடுத்துக்கொண்டது. அத்தனை பம்புகளும் முழு வேகத்தில் ஓடின. தொட்டிகள் காலையிலேயே நிரம்பியிருந்தன.

யாரோ கோப்பைத் திறந்து மாற்றியிருந்தார்கள். அந்த இயந்திரத்தின் கடவுச்சொல் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அக்கா திரும்பிச் சமாதானத்தைப் பார்த்தாள். அவர் மேடையில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து, மின்விசிறி சுற்றுவதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் உடனே நிறுத்தும் கட்டளையைத் தட்டினாள். பணி ஓய்வு ஆரம்பமானது. மக்கள் தொடர்புப் பிரிவுக்குப் பாராட்டுரை ஓடியது. நீர்மட்டப் பிரிவு, தொடங்குவதற்கு முன்பே, அதன் நீண்ட சேவைக்காகப் பாராட்டப்பட்டு ஓய்வு பெற்றது. உணவகத்துக்கு ஓடியது. வாரியத்தின் தூண் என்று கணக்குப் பிரிவு பெரிய எழுத்தில் புகழப்பட்டது. எல்லாம் முடிந்து பம்பு மட்டும் ஓடிக்கொண்டிருக்க, ஒப்புதலுக்கான கட்டம் திரையில் கண் சிமிட்டியது. தலைமைப் பொறியாளர் மைக் முன்னால் பேசிக்கொண்டிருந்தார். அக்கா மேடையேறி, கடவுச்சொல் வேண்டும், தொட்டி வழிகிறது என்று காதில் சொன்னாள். அவர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டார்.

"முப்பது வருஷம் காத்திருந்து முதல் இடத்துக்கு வந்திருக்கேன். அஞ்சு நிமிஷத்துல நிறுத்தச் சொல்றியேம்மா."

கையை எடுத்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். குன்றின் மேலிருந்த தொட்டி வழிந்து அடிவாரத்து வீடுகளுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் புகுந்தது. அழுத்தம் தாங்காமல் கடைத்தெருவுக்கு அடியில் பிரதான குழாய் வெடித்தது. ஒரு பம்பு நிலையத்தின் ஆபரேட்டர், யாரையும் கேட்காமல் மின் இணைப்பைத் துண்டித்தார். அவரைப் பார்த்து மற்ற நிலையங்களிலும் துண்டித்தார்கள். முன்னுரிமை வரிசையை மீறிப் பம்பை ஓய்வு பெறச் செய்ததற்காக அவர்கள் எல்லாரிடமும் பின்னர் விளக்கம் கேட்கப்பட்டது.

விசாரணை மறுநாளே தொடங்கியது. சட்ட அலுவலர் தலைமை தாங்கினார். பம்பு சொன்ன நேரத்தில், சொன்ன இடத்தில், முழு பலத்தோடு தொடங்கியது, ஆகவே பம்பின் மேல் குற்றமில்லை என்றார் தலைமைப் பொறியாளர். தமது முறை வருவதற்குள் தமக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள் என்றார் நீர்மட்டப் பிரிவுத் தலைவர். அவர் மேலும் குற்றமில்லை. அக்கா எழுந்து, உள்ளே பழைய வரிசையை ஒளித்து வைத்ததை ஒப்புக்கொண்டாள். மேலாளர் சொல்லித்தான் செய்தேன், அவரையே கேளுங்கள் என்றாள். சொல்லும்போது அவள் பதறவில்லை. அவர் சொல்லிவிடுவார் என்றே நம்பினாள். முந்தைய நாள் மின்விசிறியைப் பார்த்தது பயத்தில் இருக்கும், கோப்பை மாற்றியதுகூட யாரோ மிரட்டியதால் இருக்கும் என்று இரவெல்லாம் அவருக்காக அவளே வாதாடி வைத்திருந்தாள்.

சமாதானம் எழுந்தார். குரல் தழுதழுத்தது.

"அவங்க எனக்குத் தங்கச்சி மாதிரி. அதனாலதான் ஐயா, உண்மையை மறைக்க எனக்கு மனசு வரலை. இப்படி ஒண்ணு நடக்குதுன்னு போன வாரம்தான் எனக்குத் தெரிஞ்சது. தெரிஞ்ச உடனே தலைமைப் பொறியாளர் ஐயாகிட்ட சொன்னேன். அவர் சொன்னபடி குழுவோட வரிசையை நானே சரியாப் போட்டேன். தங்கச்சின்னு பாத்தா கடமை என்ன ஆகறது?"

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பொய் சொல்வது அவளுக்கு ஆச்சரியமாக இல்லை. இவ்வளவு சரளமாகச் சொல்வதுதான் ஆச்சரியமாக இருந்தது. அந்தத் தழுதழுப்பு அவளுக்குத் தெரிந்த தழுதழுப்பு. அவள் அப்பா செத்த அன்று தோளில் கை வைத்து இதே குரலில்தான் பேசினார்.

தீர்ப்பைச் சட்ட அலுவலர் வாசித்தார். குழுவின் வரிசையில் பிழையில்லை. பல மாதங்களாக நிர்வாகி, அதாவது அக்கா, இயந்திரத்தைத் தவறான ஒழுங்கில் பழக்கியதால் அதற்குக் கெட்ட பழக்கம் ஏற்பட்டுவிட்டது. திடீரென்று சரியான ஒழுங்குக்கு மாற்றியபோது அதனால் தாங்க முடியவில்லை. ஆகவே வெள்ளத்துக்கும் குழாய் உடைந்ததற்கும் நிர்வாகியே பொறுப்பு. இறுதி முடிவு வரும்வரை அவர் அலுவலகத்துக்கு வரக் கூடாது.

அவள் தன் மேஜையைக் காலி செய்தபோது யாரும் பக்கத்தில் வரவில்லை. கூப்பிட்ட குரலுக்கெல்லாம் அவள் ஓடிப்போன பிரிவுகளின் கதவுகள் சாத்தியிருந்தன. உணவக மேற்பார்வையாளர் மட்டும் எட்டிப் பார்த்து, தன் வரி இனிமேலும் திரையில் வருமா என்று விசாரித்தார்.

உடைந்த குழாயைச் சீக்கிரமே ஒட்டிவிட்டார்கள். ஆனால் தண்ணீர் வரவில்லை. இயந்திரத்தை எழுப்பினால் பம்பு முதலில் எழுந்து மறுபடி எல்லாத் தொட்டியையும் வழிய விட்டதால் அதை அணைத்தே வைத்தார்கள். வரிசையை மாற்றலாமா என்று கேட்டதற்கு, அந்த வரிசை விசாரணையில் இருக்கிறது, அதைத் தொடுவது சாட்சியைக் கலைப்பது ஆகும் என்று சட்ட அலுவலர் சொல்லிவிட்டார். தெருவெல்லாம் குடங்கள். சலவைக்கடையில் சோப்பு போட்ட துணிகள் அப்படியே காய்ந்து விறைத்துக் கிடந்தன. கணவன் கடையை மூடிவிட்டு வந்து, அவளிடம் ஒன்றும் கேட்காமல், லாரி வரும் மூலையில் குடத்தோடு போய் நின்றான்.

அன்று பிற்பகல் சமாதானம் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்று மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மகள் உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். ஊரே தவிக்கிறது, ஆஸ்பத்திரியில்கூடத் தண்ணீர் இல்லை, பழைய வரிசையை யாருக்கும் தெரியாமல் திரும்பப் போட வேண்டும், தான் போட்டுப் பார்த்தும் வரவில்லை என்றார்.

நீங்கள் எனக்குச் சொன்னதை ஒப்புக்கொள்ளுங்கள், பிறகு செய்கிறேன் என்று சொல்லலாம் என்று அக்காவுக்குத் தோன்றியது. சொல்லவில்லை. சொன்னால் அவர் உடனே சத்தியம் செய்வார் என்று அவளுக்குத் தெரியும். செய்தால் தான் மறுபடியும் நம்பிவிடுவோமோ என்றுதான் பயமாக இருந்தது.

அவர் மடிக்கணினியைத் திறந்து ஆபீசுக்கு இணைத்தார். அவள் எதிரில் நின்றபடியே ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். அவர் தட்டினார். எங்கே இடைவெளி விடுவது, எங்கே விடக் கூடாது என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் அவர் கை நின்றது.

"மாத்தினது யாருன்னு கோப்புல மேல ஒரு வரி போடணுமேம்மா. உன் பேரையே போட்டுடவா? நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா... என் பேரு வேண்டாமேன்னு பாக்கறேன்."

அவள் அவரைப் பார்த்தாள். அவர் முகத்தில் வஞ்சகமே இல்லை. நியாயமான ஒரு சந்தேகத்தைக் கேட்கிற முகமாகத்தான் இருந்தது.

"போட்டுக்குங்க," என்றாள்.

மாலையில் குழாய்கள் இருமி, காற்றைக் கக்கி, பிறகு தண்ணீரைக் கொட்டின. தெருவில் ஆரவாரம் எழுந்தது. கொஞ்ச நேரத்தில் வாரியத்தின் வண்டி ஒலிபெருக்கியோடு வந்தது. கணினிப் பிரிவிலிருந்து உயர்ந்த புதிய துணைப் பொது மேலாளர் அவர்களின் அயராத முயற்சியால் குடிநீர் சீராகிவிட்டது என்று அறிவித்துக்கொண்டே திரும்பியது. மாடிவீட்டு அம்மாள் வாளியோடு இறங்கி வந்து, அந்த மனிதர் நல்லா இருக்கணும் என்று வாய் நிறைய வாழ்த்தினாள்.

"உங்க ஆபீஸ்தானே? அவரை உங்களுக்குத் தெரியுமாம்மா?"

அக்கா நிரம்பிய குடத்தை நகர்த்தி அடுத்த குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்தாள்.

"தெரியும்னு நினைச்சிட்டிருந்தேன்," என்றாள்.